பாயின்டுக்கு வாழ்க்கைப்பட்டவள்

நான் எலெக்ட்ரீஷியன். எனக்குத் தெரிந்து உலகத்தில் பாயின்ட் என்றால் ஒன்றுதான். சுவரில் ஒயர் வந்து முடிகிற இடம். விளக்குக்கு ஒன்று, ஃபேனுக்கு ஒன்று, பிளக்குக்கு ஒன்று. புது வீட்டுக்குள் காலை வைத்ததும் "எத்தனை பாயின்ட் வரும்?" என்று கேட்பேன், வீட்டுக்காரர் விரல் விட்டு எண்ணுவார், வேலை ஆரம்பமாகிவிடும். இருபத்தாறு வருடமாக இந்த ஒரு சொல்லை வைத்துத்தான் என் பிழைப்பு ஓடுகிறது. இதில் ஆராய்ச்சி பண்ண என்ன இருக்கிறது என்றுதான் நானும் இருந்தேன், என் வீட்டுக்காரி அதைக் கையில் எடுக்கும் வரைக்கும்.

அவளுக்கு அகராதி அலுவலகத்தில் வேலை. பத்துப் புத்தகங்களைப் பார்த்துப் பதினோராவது புத்தகம் எழுதுகிற இடம் என்று நினைத்துவிடாதீர்கள். அவள் அங்கே சேர்ந்த புதிதில் நான் அப்படிச் சொல்லிவிட்டு நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன். தொழில் செய்கிறவர்கள் வாயில் புழங்குகிற இங்கிலீஷ் சொற்களைப் பிடித்து, எந்தத் தொழிலில் அதற்கு என்ன அர்த்தம் என்று தமிழில் எழுதிவைக்கிற அகராதி அது. ஆளுக்கு ஒரு சொல் என்று பிரித்துக் கொடுப்பார்கள். பக்கத்து மேஜைக்காரருக்கு 'ஸ்பேனர்' வந்தது. எந்தப் பட்டறைக்குப் போனாலும் ஸ்பேனர் ஸ்பேனர்தான். மனுஷன் இரண்டு வாரத்தில் முடித்துவிட்டு நிம்மதியாக நகம் வெட்டிக்கொண்டிருந்தார். இவள் தலையில் விழுந்தது 'பாயின்ட்'. இரண்டு வருடம் எங்கள் இருவரையும் படுத்தி எடுத்துவிட்டது.

அந்த அலுவலகத்தில் ஒரு சட்டம் உண்டு. ஓர் அர்த்தம் அகராதியில் ஏற வேண்டுமென்றால் அதற்கு மூன்று சாட்சி வேண்டும். மூன்று வெவ்வேறு இடங்களில், அந்தத் தொழிலைச் செய்கிற மூன்று பேர், வேலை நடக்கும்போது அந்தச் சொல்லைத் தானாகச் சொல்ல வேண்டும். அதைக் காதால் கேட்டு, அவர் சொன்னபடியே ஓர் அட்டையில் எழுதி, கீழே அவரிடம் கையெழுத்து வாங்க வேண்டும். "இதுக்கு என்ன பேருங்க?" என்று கேட்கக் கூடாது. நாம் வாய் தவறிச் சொல்லை எடுத்துக் கொடுத்துவிட்டால் அவர் கெட்டுப்போன சாட்சி. அதன் பிறகு அவர் ஆயிரம் தடவை சொன்னாலும் செல்லாது.

கேட்டால் ஒரு நிமிட வேலை. கேட்காமல் காத்திருந்தால் ஒரு முழு நாள். அந்த முழு நாளுக்குத் துணை யார்? நான்தான். லீவு நாள் வந்தால் ஊரில் அவனவன் கால் நீட்டிப் படுப்பான். நான் ஸ்கூட்டரைத் துடைத்துக்கொண்டு நிற்பேன்.

வைரக் கடையில் அரை நாள் உட்கார்ந்திருந்தோம். அங்கே கல்லின் எடைதான் பாயின்ட்; நூறு பாயின்ட் சேர்ந்தால் ஒரு காரட். வாங்கவும் இல்லை, விற்கவும் இல்லை, இரண்டு பேர் வாயை மூடிக்கொண்டு வேலை செய்கிறவரின் கையையே பார்த்துக்கொண்டிருந்தால் காவலாளி என்ன நினைப்பார்? என் சட்டைப் பையை அவர் பார்த்த பார்வையில் எனக்கே நான் எதையாவது எடுத்துவிட்டேனோ என்று சந்தேகம் வந்துவிட்டது. அச்சகத்தில் எழுத்தின் அளவு பாயின்ட். "தலைப்பை இருபத்துநாலு பாயின்ட்ல போடுய்யா, கண்ணு தெரியாதவனும் படிக்கணும்" என்று அச்சகக்காரர் கத்தியதை அந்த 'ய்யா'வோடு எழுதிக்கொண்டாள். ரயில் யார்டில் தண்டவாளம் பிரிகிற இடம் பாயின்ட். அங்கே வெயிலில் நின்றதில் என் முதுகுத்தோல் உரிந்தது. நீதிமன்றத்தில் ஒரு வக்கீல் இரண்டு மணி நேரம் பேசினார். கடைசியில் எதிர்த்தரப்பு வக்கீல் எழுந்து, "இதுல பாயின்டே இல்லையே!" என்றார். இவளுக்கு ஒரு அட்டை கிடைத்தது. பாவம், முதல் வக்கீலுக்குத்தான் ஒன்றும் கிடைக்கவில்லை.

காத்திருக்காமல் கிடைத்தது ஒரே இடத்தில்தான். ஒரு நடனப் பள்ளி. காலை நீட்டிக் கட்டைவிரல் நுனி வரைக்கும் விறைப்பாக வைப்பதை அந்த டீச்சர் பாயின்ட் என்கிறார். நாங்கள் செருப்பைக் கழற்றுவதற்குள் "பாயின்ட்! பாயின்ட்! ஏய் மூணாவது வரிசை, உனக்குத்தான், பாயின்ட்!" என்று கூரை பறக்கக் கத்திக்கொண்டிருந்தார். "இந்தம்மா நல்லா இருக்கணும்" என்று நான் மனசார வாழ்த்தினேன்.

இதில் எனக்கு ஒரு மனத்தாங்கலும் உண்டு. வயரிங் பாயின்டுக்கு மூன்றாவது சாட்சி தேடி இவள் எங்கெங்கோ அலைந்தாள். கட்டின புருஷன் எலெக்ட்ரீஷியன், பக்கத்திலேயே மரம் மாதிரி நிற்கிறேன்.

"ஏம்மா, நான் தினம் பொழுது விடிஞ்சா அதைத்தானே சொல்றேன். தூக்கத்துல கூடச் சொல்றேன்னு நீதான் சொன்னே. என்னை எழுதிக்க வேண்டியதுதானே?"

"நீங்க உறவுங்க. செல்லாது."

"இருபத்தாறு வருஷ சர்வீஸ்!"

"இருபது வருஷ உறவு" என்று சொல்லிவிட்டுப் பென்சிலைச் சீவப் போய்விட்டாள். என் ஜென்ம விரோதி ஒருத்தன் இருக்கிறான், என் வேலைகளை எல்லாம் தட்டிக்கொண்டு போகிறவன். கடைசியில் அவனிடம் போய்க் கையெழுத்து வாங்கினாள். எனக்கு எப்படி இருந்திருக்கும்?

அட்டைகளை ஒரு தகரப் பெட்டியில் வைத்து ஃபிரிட்ஜ் மேல் வைத்திருப்பாள். வீட்டில் வேறு எதைத் தொட்டாலும் பேசாமல் இருப்பாள். அந்தப் பெட்டிப் பக்கம் கை போனால் ஒரு பார்வை வரும். சாப்பிடும்போது உதடு மட்டும் அசைந்துகொண்டிருக்கும். யாரோ சொன்ன வாக்கியத்தைச் சரியாக எழுதினோமா என்று சொல்லிப் பார்த்துக்கொள்கிறாள் என்று அர்த்தம். "அம்மா பாயின்டுக்கு வாழ்க்கைப்பட்டுட்டாங்கப்பா, நீங்க சும்மா ஸ்கூட்டர் ஓட்டறவரு" என்று எங்கள் மகள் கிண்டல் செய்வாள். எனக்குச் சிரிப்பு வரும். வெளியே சொன்னதில்லை, இவள் அப்படி உட்கார்ந்து முணுமுணுப்பதைப் பார்க்க எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

இவ்வளவு பாடுபடுகிறவளுக்கு அங்கே நிரந்தர வேலை கிடையாது. பதினோரு வருடமாகத் தற்காலிகம். வருடா வருடம் ஒரு தாளில் கையெழுத்துப் போட்டு நீட்டிப்பார்கள். எப்போது வேண்டுமானாலும் 'போதும்மா' என்று சொல்லிவிடலாம். ஒவ்வொரு வருடமும் அந்த மாதம் வந்தால் அவளுக்குச் சாப்பாடு இறங்காது. வருடத்துக்கு ஒரு முறை அகராதிக் குழு கூடும்; ஒரு பெரிய சொல்லை முழுசாக முடித்துக் கொடுத்தவருக்கு அன்றைக்கே நிரந்தர ஆணை. பாயின்ட் பெரிய சொல். நாற்பத்தோரு அர்த்தம் தேறியிருந்தது. நாற்பதுக்கு மூன்று மூன்று அட்டை முடிந்துவிட்டது. குழு கூட ஒரு மாதம்கூட இல்லை. பாக்கி ஒன்றே ஒன்று: கொத்தனார்களின் பாயின்டிங்.

செங்கல் சுவரைப் பூசாமல் அப்படியே விடும்போது, கல்லுக்கும் கல்லுக்கும் நடுவே இருக்கிற இடுக்கில் சாந்தை அடைத்துக் கோடு இழுத்தாற்போல் நேர்த்தி செய்வார்கள். அதுதான் பாயின்டிங். ஆனால் இப்போது யார் செங்கலைச் செங்கலாக விடுகிறார்கள்? எல்லாவற்றையும் பூசி மெழுகிவிடுகிறார்கள். இரண்டு வருடத்தில் அந்த வேலை நடக்கிற இடம் இரண்டுதான் கிடைத்தது. மூன்றாவதைக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு தேடி, ஒரு பள்ளிக்கூடத்து மதில் சுவரைக் கண்டுபிடித்தோம்.

அந்தக் கொத்தனார் நல்ல பேச்சுக்காரர். எங்களுக்கு அதிர்ஷ்டம் என்று நினைத்தேன். இடுக்குகளைச் சுரண்டிக்கொண்டே முழங்கால் வலியைப் பற்றிப் பேசினார். சுவரில் தண்ணீர் தெளித்துக்கொண்டே மருமகனைப் பற்றிப் பேசினார். மேஸ்திரியின் நடத்தையைப் பற்றி விலாவாரியாகப் பேசினார். அந்த ஒரு சொல்லை மட்டும் பேசவில்லை. காலை எட்டு மணிக்கு உட்கார்ந்தோம், பிற்பகல் மூன்று ஆகிவிட்டது. இவள் கல்குவியல் மேல் முதுகு வளையாமல், மடியில் வெற்று அட்டையோடு, முகத்தில் ஒரு சுளிப்புக்கூட இல்லாமல் உட்கார்ந்திருக்கிறாள். எனக்கு நாக்கு அரிக்கிறது. அப்போதுதான் அவர் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தார்.

"சரிம்மா, சுவரு தண்ணி குடிச்சாச்சு. சாந்து கலந்துட்டு, இனிமே தான் நம்ம…" என்று இழுத்தார்.

இவள் பென்சிலை எடுத்தாள். அவர் தலையைச் சொறிந்தார். கரண்டியைத் தேடினார். கிடைக்கவில்லை. திரும்பவும் "இனிமே தான்…" என்றார்.

"பாயின்டிங்தானே அண்ணே!" என்று கத்திவிட்டேன்.

"ஆமாங்க, பாயின்டிங்!" என்றார் அவர் சந்தோஷமாக.

இவள் அட்டையைப் பைக்குள் வைத்துவிட்டு எழுந்தாள். திட்டியிருந்தால் தேவலை. "வாங்க, வெயில் தாழ்றதுக்குள்ள போயிடலாம்" என்றாள். வழி நெடுக என்னை நானே செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது. ஏழு மணி நேரம் அவள் காத்திருந்ததில் நான் ஒரு வார்த்தையில் மண்ணை அள்ளிப் போட்டுவிட்டேன்.

அதற்குப் பிறகு நான் வேலைக்குப் போகிற இடமெல்லாம் செங்கல் சுவரைத்தான் தேடினேன். குழு கூட நான்கு நாள் இருக்கும்போது, ஒரு சின்ன கிளினிக்கின் முகப்பில் பூசாத செங்கலைப் பார்த்தேன். இந்த இடத்தில்தான் எனக்குப் புத்தி கெட்டது. இவளிடம் சொல்வதற்கு முன்னாலேயே அங்கிருந்த கொத்தனாரை டீக்கடைக்கு அழைத்துக்கொண்டு போனேன்.

"அண்ணே, நாளைக்கு என் வீட்டம்மாவோட வருவேன். நீங்க வேலை செய்யும்போது பாயின்டிங்குன்னு ஒரு வார்த்தை சொல்லணும். நான் சொன்னேன்னு மட்டும் காட்டிக்காதீங்க."

"அவ்வளவுதானா? எத்தனை தடவை சொல்லணும்?"

"ஒரு தடவை போதும்ணே."

மறுநாள் நாங்கள் ஸ்கூட்டரை நிறுத்துவதற்குள் ஆரம்பித்துவிட்டார். "பாயின்டிங்குக்குத் தண்ணி கொண்டா! நேத்து விட்ட பாயின்டிங் எங்கே? பாயின்டிங்குன்னா நம்ம பாயின்டிங்குதான்!" சொல்லிவிட்டு என்னைப் பார்த்துக் கண்ணடிக்க வேறு செய்தார். நல்லவேளை, இவள் குனிந்து எழுதிக்கொண்டிருந்தாள். சந்தோஷத்தில் எழுத்துக் கோணிவிட்டது.

"நாலே நிமிஷங்க! இப்பிடி ஒரு நாள்கூட அமைஞ்சதில்ல. உங்க கண்ணுல பட்டதே, அதுதான் ராசி" என்றாள். திரும்பி வரும்போது என் தோளில் கையை வைத்துக்கொண்டு ஏதோ பாட்டை முணுமுணுத்தாள். அவள் பாடி நான் கேட்டு வருடக்கணக்காகிவிட்டது. எனக்கு ஸ்கூட்டர் ஓட்டவே வரவில்லை.

இரண்டு நாள் தாங்கினேன். குழுவுக்கு முந்தின நாள் சாயங்காலம் அவள் கூடத்தில் உட்கார்ந்து அட்டைகளை வரிசைப்படுத்தி, அந்த மூன்றாவது அட்டையைக் கடைசியாக வைத்துப் பெட்டியை மூடினாள். மூடியின் மேல் கையை வைத்துக்கொண்டு என்னைப் பார்த்துச் சிரித்தாள். அந்தச் சிரிப்புதான் என்னைக் கொன்றது. எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்.

சிரிப்பு மெதுவாக அடங்கியது. "எப்போ சொன்னீங்க அவர்கிட்ட?"

"அதுக்கு முந்தின நாளே. டீக்கடையில."

"என்ன சொன்னீங்க? அப்படியே சொல்லுங்க."

அப்போதும் அவளுக்கு வாக்கியம் அப்படியே வேண்டும். சொன்னேன். பெட்டியைத் திறந்து அந்த அட்டையை எடுத்தாள். அதைக் கிழிக்கவில்லை, ஒரு கவரில் போட்டு ஒட்டினாள். மறுநாள் தனியாகவே பஸ் பிடித்து அலுவலகத்துக்குப் போனாள்.

சாயங்காலம் வந்து பையை ஆணியில் மாட்டினாள். "தள்ளிப் போயிடுச்சு. இனிமே அடுத்த வருஷந்தான்."

"ஏன்? அந்த ஒண்ணை விட்டுட்டு நாப்பதைக் குடுத்திருக்கலாமே!"

"எங்க ஆபீஸ் ஐயாவும் அதையேதான் சொன்னாரு. நாப்பதோட முடிஞ்சதுன்னு எழுதிக் குடு, ஆர்டரை இப்பவே தர்றேன்னாரு."

"அப்புறம்?"

"கொத்தனாருங்க வாயில இருக்கற வார்த்தைங்க அது. இருக்குன்னு தெரிஞ்சும் இல்லாத மாதிரி விட்டுட்டு, முடிஞ்சதுன்னு எப்பிடிங்க கையெழுத்துப் போடுவேன்?"

எனக்கு வந்தது பாருங்கள் கோபம்! தப்புச் செய்தவன் நான், குதித்தவனும் நான். "பதினோரு வருஷமா பிச்சை எடுக்கற மாதிரி ஒரு ஆர்டருக்காக நிக்கறே! வாசல் வரைக்கும் வந்ததை எட்டி உதைச்சுட்டு வந்திருக்கே. உனக்கு என்ன பைத்தியமா?" என்று வாய்க்கு வந்தபடி கத்தினேன். அவள் பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தாள். கத்தி முடித்த பிறகுதான், நான் யாரைத் திட்டிக்கொண்டிருக்கிறேன் என்பது எனக்கு உறைத்தது.

மறுநாள் காலையில் வேலைக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டு நேராக அகராதி அலுவலகத்துக்குப் போனேன். எல்லோரும் ஐயா என்று கூப்பிடுகிற தலைமைப் பதிப்பாசிரியர் முன்னால் போய் நின்றேன். மெலிந்த மனிதர், மேஜை மேல் ஒரு தூசு கிடையாது.

"ஐயா, அந்த மூணாவது கார்டு கெட்டுப்போனதுக்கு நான்தான் காரணம். கொத்தனாருக்குச் சொல்லிக் குடுத்தது நான். அவளுக்கு எதுவுமே தெரியாதுங்க. தண்டனையை அவளுக்குக் குடுக்காதீங்க."

அவர் கண்ணாடியைக் கழற்றினார். என்னை ஒரு முறை பார்த்தார். பிறகு கோப்பைத் திறந்து ஒரு தாளை என் பக்கம் திருப்பி வைத்தார். என் வீட்டுக்காரியின் கையெழுத்து எனக்குத் தெரியாதா?

'செங்கல் வேலை தொடர்பான மூன்றாவது அட்டையில் உள்ள வாக்கியம் தானாக வந்தது அல்ல. காத்திருக்கப் பொறுமை இல்லாமல் நானே அந்தக் கொத்தனாருக்குச் சொல்லை எடுத்துக் கொடுத்துவிட்டேன். இதில் வேறு யாருக்கும் பங்கு இல்லை. தவறு என்னுடையது.'

இரண்டு தடவை படித்தேன். பொறுமை இல்லாமலாம். அவளுக்கா?

"பதினோரு வருஷமா இந்தம்மாவைப் பார்க்கறேன். படிச்சதும் எனக்கே ஆச்சரியமாத்தான் இருந்துது" என்றார் ஐயா.

"ஆச்சரியமா இருந்தா நம்பியிருக்கக் கூடாதுங்க ஐயா! ஒரு தாளு குடுங்க. நடந்ததை நான் எழுதித் தர்றேன்."

கொடுத்தார். எழுதினேன். ஒயரைத் தவிர வேறு எதையும் வளைத்துப் பழகாத கை. நான்கு வரி எழுதுவதற்குள் வியர்த்துவிட்டது. அவர் அதை வாங்கவில்லை. மேஜை மேல் இருந்தபடியே படித்தார்.

"இதைக் கோப்புல வெச்சா, அவங்க எழுதினது பொய்னு ஆகும். ஒரு கார்டு கெட்டுதுன்னா ஒரு வருஷம் தள்ளிப் போகும், அவ்வளவுதான். எழுத்துலயே பொய் சொல்லியிருக்காங்கன்னு ஆயிட்டா, அவங்க இதுவரைக்கும் எழுதின அத்தனை கார்டையும் நான் சந்தேகப்பட்டாகணும். அப்புறம் அவங்க இங்க இருக்கவே முடியாது." கண்ணாடியைத் திரும்பப் போட்டுக்கொண்டார். "நான் இன்னும் இதைக் கையில வாங்கலை. வைக்கலாமா வேணாமான்னு நீங்களே சொல்லுங்க."

வைரக் கடையிலும் ரயில் யார்டிலும் கல்குவியலிலும் உட்கார்ந்து, ஒருத்தர் வாயிலிருந்து வராத ஒரு எழுத்தைக்கூட எழுத மாட்டேன் என்று இருந்தவள், எழுதின ஒரே பொய் இது. என் பெயர் ஒரு தாளில் கெட்டுப்போகக் கூடாது என்பதற்காக எழுதியிருக்கிறாள். எல்லாம் போனாலும் போகட்டும் என்று எழுதியிருக்கிறாள். அந்தத் தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன். நல்லவன் என்ற பெயரோடு வெளியே வந்தேன். அவ்வளவு கேவலமாக நான் என்றைக்குமே உணர்ந்ததில்லை.

வீட்டுக்கு வந்தபோது அவள் மதியச் சாப்பாட்டை எடுத்து வைத்துக்கொண்டிருந்தாள். அன்றைக்கு அவள் லீவு போட்டிருந்தாள்.

"என்னங்க, வேலையிலேருந்து அதுக்குள்ள வந்துட்டீங்க?"

"வேலைக்குப் போகலை. ஐயாவைப் பார்க்கப் போனேன்."

அவள் கை அப்படியே நின்றது. "எதையாவது எழுதிக் குடுத்தீங்களா?"

"எழுதினேன். குடுக்கலை. நீ எழுதினதைப் படிச்சேன்."

அவள் மூச்சு விட்டது எனக்குக் கேட்டது. தட்டை மேஜையில் வைத்தாள். என் முகத்தைப் பார்க்காமலே, "படிச்சாச்சில்ல? அதோட விடுங்க. கை கழுவிட்டு வாங்க, ஆறிப் போகுது" என்றாள்.

பின்பக்கம் போய்க் குழாயை முழுசாகத் திறந்துவிட்டேன். ஐம்பது வயது ஆள் அழுகிற சத்தம் வீட்டுக்குள் கேட்கக் கூடாதே. முகத்தைக் கழுவினேன், கழுவக் கழுவ வந்துகொண்டே இருந்தது. கொஞ்ச நேரம் கழித்து அவள் குரல் கேட்டது.

"ஏங்க, போதும் வாங்க. தொட்டித் தண்ணி தீர்ந்துடப் போகுது."